வலது பக்கத்து ஜன்னல் விளிம்பு

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். முந்தாநாள் வட்ஸ்அப் வீடியோவில் நீ விட்ட கொட்டாவியில் உன் கடைவாய்ப் பல்வரை பார்த்துவிட்டேன். நேரத்துக்குப் படுத்துத் தூங்கு. கல்யாண மாப்பிள்ளை கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு மணவறையில் உட்கார்ந்தால், உனக்குச் சோறு போட்டு வளர்க்கவில்லை என்று என்னைத்தான் சொல்வார்கள்.

நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அம்மா, மண்டபத்து மேசையில வைக்கிறதுக்குச் செய்யிற அப்பாவோட கார் மொடல் முடியப் போகுது. இடது பக்கம் எல்லாம் சரி. வலது பக்கத்துக்கு ஒரு போட்டோகூட இல்லம்மா. ஜன்னலச் சுத்தி இருந்த நிக்கல் பட்டி அந்தப் பக்கமும் முழுசா இருந்திச்சா? கண்ணாடி ரப்பர் எவ்வளவு தடிப்பு? யோசிச்சுச் சொல்லுங்க." இதோடு நிறுத்தியிருந்தால் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நீ ஒரு மூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, இன்னொன்றும் சொன்னாய். "மத்தது, அபி வீட்டாளுங்க யாராவது மண்டபத்துல அந்தக் காரப் பத்திக் கேட்டா, நம்ம வீட்டுக் காருன்னு மட்டும் சொல்லுங்க. கல்யாண ஹயர், வாடகைக்கு ஓடின கதையெல்லாம் இப்ப வேணாம்." கேள்வி ஒன்று, கட்டளை ஒன்று. இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வாசித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்காத இடது பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பா அந்தக் காரை வாங்கியபோது அதற்கு அவரைவிட வயது கூட. நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்துப் போட்ட, பழைய இங்கிலீஷ் கார். எஞ்சின் நல்லது, இருக்கை நல்லது. வெளியே இருந்த நிக்கல் மட்டும் மாத்தளை மழையில் ஊறி, அம்மை வந்துபோன முகம் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. குரோமியம் என்று நீங்கள் சொல்வதை அப்பா கடைசிவரை நிக்கல் என்றுதான் சொன்னார், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. ஜன்னல்களைச் சுற்றியிருந்த பட்டிகளைக் கழற்றிக் கண்டியில் பூச்சுப் போடுகிறவரிடம் கொண்டுபோனார். எங்கள் கையில் இருந்த காசு ஒரு பக்கத்துக்குத்தான் காணும், இரண்டுக்கும் போதாது. அப்பா அங்கேயே ஒரு பிளேன்டீ குடித்து யோசித்துவிட்டு இடது பக்கத்தைக் கொடுத்தாராம். நம் நாட்டில் வண்டி ஓடுவதும் இடது பக்கம், ஓரங்கட்டுவதும் இடது பக்கம். அம்மன் கோயில் வாசலோ, வஹகோட்டைத் தேவாலயப் படியோ, சிங்கள வீட்டுப் பந்தலோ, எங்கே நிறுத்தினாலும் மணப்பெண் இறங்குவது அந்தப் பக்கத்தால். படம் பிடிக்கிறவன் நிற்பதும் அந்தப் பக்கம். "பொண்ணு எறங்குற பக்கம் மினுங்கினாப் போதும். என் பக்கத்த யாரு பாக்கப் போறா?" என்றார். டிரைவர் உட்காருவது வலது பக்கம் அல்லவா, அதனால் அதை என் பக்கம் என்பார்.

உனக்கு ஏன் வலது பக்கத்துப் படம் கிடைக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா? அப்பாவின் கணக்கு அவ்வளவு சரி. இந்த ஊரில் எத்தனையோ கல்யாண அல்பங்களில் அந்தக் கார் இருக்கிறது, எல்லாவற்றிலும் இடது பக்கம். பிறகு நம்மிடம் காரை வாங்கிய நாலந்தா முதலாளியிடம் போய்ப் பார்க்கலாம் என்றும் எண்ணாதே. புது நிக்கல், புதுப் பெயிண்ட் என்று அவர் அதை ஆளே தெரியாமல் மாற்றிவிட்டார்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது என் தையல் மேசையை நீ பறித்துக்கொண்ட நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். அரைகுறையாகத் தைத்த பிளவுஸ்களெல்லாம் கட்டிலுக்குப் போய்விட்டன. பெட்டியில் வந்த ஏதோ ஒரு காரை வெட்டி, அராவி, பூசி, அப்பாவின் காராக மாற்றிக்கொண்டிருந்தாய். நிஜத்தின் இருபத்துநான்கில் ஒரு பங்கு என்றாய். உடம்புக்குப் பெயிண்ட் அடித்து முடித்தபோதும் எனக்கு அது பொம்மையாகத்தான் தெரிந்தது. பிறகு வெங்காயச் சருகைவிட மெல்லிய அந்த வெள்ளித்தாளை எடுத்தாய், பின்பக்கம் பசை உள்ளது. ஜன்னல் விளிம்பின்மேல் அதைப் படுக்கவைத்து, பஞ்சுக்குச்சியால் தடவி, சீவிய பல்குச்சியால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தாய். உள்ளே இருந்த மெல்லிய வரம்பு மேலே எழும்பி வந்தது. புது பிளேடை அழுத்தாமல் இழுத்து, வேண்டாத தாளை முள்வாங்கியால் தூக்கியபோது, நூல் அகலத்துக்கு ஒரு நிக்கல் பட்டி மட்டும் மிஞ்சியது. அந்த நொடியில் அது பொம்மை இல்லை, கார். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வளைவில்தான் நீ தடுமாறினாய். பின் ஜன்னலின் மூலையில் தாள் ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. நீ ஏசிய ஏச்சுகளைப் பக்கத்து வீட்டு மெனிக்கே கேட்டுவிட்டு, "மகனுக்கு என்ன?" என்று மதிலுக்கு மேலால் விசாரித்தாள். பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிறபோது நான் செய்வதைச் சொன்னேன். வளைவில் மடிக்காதே, மெதுவாக இழுத்து விடு, அது தானாகப் படியும். "இது துணி இல்லம்மா" என்று முறைத்தாய். பிறகு நான் அடுப்படிக்குப் போனதும் இழுத்துப் பார்த்திருக்கிறாய். திரும்பி வந்தபோது மூலை படிந்திருந்தது, நீ ஒன்றும் நடக்காதது போல விசிலடித்துக்கொண்டிருந்தாய். அப்பாவும் இப்படித்தான். என் யோசனையை நிராகரித்துவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் அதன்படியே செய்வார். உன்னை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால், இப்படிப்பட்ட அற்பக் காரணங்கள்தான் இருக்கின்றன.

அடுத்த நாள் என் வருங்கால மருமகள் அபி வந்தாள். நீ கண்ணாடி ரப்பருக்குக் கறுப்பு ஓட்டிக்கொண்டிருந்தாய். தண்ணீர் போலக் கரைத்த கறுப்பை மெல்லிய தூரிகையால் ஓடவிட்டு, வெளியே வழிந்ததைத் தின்னரில் தொட்ட பல்குச்சியால் துடைத்தெடுப்பது. அபி உனக்கு டோர்ச் பிடித்தாள். நான் கடலை வடை சுட்டுக்கொண்டு காதை உங்கள் பக்கம் வைத்திருந்தேன், அதை மறைப்பானேன். "மாமாவுக்குப் பழைய கார் எண்டா அவ்வளவு விருப்பமோ?" என்று கேட்டாள். நீ தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்பாவுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. வின்டேஜ் கார்னா உயிரு" என்றாய். என் சட்டியில் ஒரு வடை கருகியது. பொழுதுபோக்காம்! விடியும் முன்னே கார் கழுவி, மஞ்சள் பூ மாலை கட்டி, முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணைக் கொண்டுபோய் இறக்கி, மத்தியானம் மாப்பிள்ளை வீடு, பின்னேரம் மறுவீடு என்று ஓடிய மனிதருக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கே இருந்தது? அபி டோர்ச்சை மட்டும் உன் கைக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். நானும் வந்த பிள்ளைக்கு முன்னால் உன்னை வெட்கப்படுத்த விரும்பாமல் சும்மா இருந்துவிட்டேன்.

இனி வலது பக்கம். அங்கே நிக்கலே இல்லை, தம்பி. முன் கதவு ஜன்னலின் பட்டி துருவேறி உதிர்ந்து, அரைவாசிதான் மிஞ்சியிருந்தது. பின் கதவில் பட்டி இருந்தது, மினுக்கம் இல்லை. ரப்பர் வெடித்து விழுந்த இடங்களில் அப்பா பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். அதன்மேல் சில்வர் பெயிண்ட். வாசல் கேற்றுக்கு அடிப்போமே, அந்த அலுமினியப் பெயிண்ட்தான். அதை அடித்தது நான். அப்பாவின் கை எஞ்சினுக்குச் சரி, கோடு போட உதவாது. எனக்கு ஊசி பிடித்த கை. கண்ணாடியில் படாமல் இருக்கப் பத்திரிகைத் தாளைக் கீலமாக வெட்டிக் கோதுமைமாப் பசையால் ஒட்டிவிட்டு, சின்னத் தூரிகையால் இழுப்பேன். காய்ந்தபின் ஈரத்துணியால் தாளை உரித்தால் விளிம்பு நேராக வந்திருக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை மங்கிவிடும், மறுபடி அடிப்பேன். நீ இப்போது மேசையில் செய்வதை நான் முழு அளவுக் காரில் செய்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள். உன் கைவேலை எங்கிருந்து வந்தது என்று உன் நண்பர்கள் கேட்டால் யூடியூப் என்று சொல்கிறாயாம். சொல், சொல்.

நீ தொட்டிலில் கிடந்த வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம், மகளின் கல்யாணத்துக்குக் காரைப் பேசியிருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் அப்பா என்னிடம், "என் பக்கம் ரொம்ப அசிங்கமா இருக்கு, ஒரு கை போட்டு விடு" என்றார். மழை நாளில் பெயிண்ட் காயாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் யார் பார்க்கப்போகிறார்கள், யார் தொடப்போகிறார்கள் என்று அடித்துவிட்டேன். காலையில் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. "பொண்ணு அந்தப் பக்கமாத்தான எறங்கும்" என்று அப்பா கிளம்பிவிட்டார்.

கோயில் முன்னால் தண்ணீர்க் குழாய் போட வீதியின் இடது ஓரத்தை நீளத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் நேரே குழி, குழி நிறையச் சேற்றுத் தண்ணீர். பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள், முகூர்த்தம் நெருங்குகிறது, மேளக்காரர் குடைக்குள் நின்று அடிக்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லை. பெண் இருக்கையில் நகர்ந்து வலது பக்கத்தால் இறங்கினாள். இறங்கும்போது ஜன்னல் விளிம்பை முழுக் கையாலும் பிடித்துவிட்டாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வேணாம்மா" என்று அவர் சொல்வதற்குள் கை ஒட்டிவிட்டதாம். அந்தப் பெண் உள்ளங்கையைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, கையைப் பொத்திக்கொண்டு நடந்துபோனது.

அப்பா வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லல. அதோட அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னய அங்கயே நிக்க வச்சுக் கிழிச்சிருப்பாங்க. சொல்லல" என்றார். நல்ல நாளில் ஒரு பெண்ணின் கையைக் கறையாக்கிவிட்டோமே என்று நான் அழுதேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டுப் போய் நிக்கலைத் துடைத்தார். அதன் பிறகு எந்தக் கோயிலானாலும் முதல் நாளே போய் வீதியைப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பெண் யார், எங்கே போனாள், எப்படி வாழ்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. வேலை மாற்றலில் போகிற குடும்பங்கள், ஊரில் தங்குவதில்லை.

போன பௌர்ணமி போயா லீவுக்கு அபியும் அவள் அம்மாவும் அழைப்பிதழ் காட்ட வீட்டுக்கு வந்தார்களே, உனக்குத் தெரியும். அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்ததும் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். அப்பா காருக்குப் பக்கத்தில் நிற்கிற படம். எழுந்து கிட்டப் போய், கண்ணாடியை மூக்கில் சரியாகப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நீ சொல்லி வைத்த கதையை நான் எங்கே கெடுத்துவிடுவேனோ என்று பிளேன்டீயை நீட்டி, "சீனி காணுமாங்க?" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

"அக்கா, நான் இந்தக் காரிலதான் என்ர கலியாணத்துக்குப் போனனான்" என்றார் அவர். "எல்லாரும் இந்தப் பக்கத்தால இறங்குவினம். நான் மற்றப் பக்கத்தால இறங்கினனான்."

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

"கை முழுக்க வெள்ளி ஒட்டிப்போட்டுது. அம்மா கண்டா டிரைவர் அண்ணைய உண்டு இல்லையெண்டு பண்ணிப்போடுவா. பாவம், அந்த மனுசன்ர முகம் பேயறைஞ்ச மாதிரி. நான் கையைப் பொத்திக்கொண்டு போயிட்டன். தாரை வார்க்கேக்க விரிக்கத்தானே வேணும்? விரிச்சன். இவர் பாத்தார், ஐயர் பாத்தார், ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. இவரின்ர கையிலயும் ஒட்டிப்போட்டுது. இண்டைக்கும் எங்கட வீட்டில சண்டை வந்தா, 'வெள்ளியால ஒட்டினது, கழராது' எண்டு சொல்லித்தான் இவர் சமாதானத்துக்கு வருவார்."

"அந்தப் பெயிண்ட அடிச்சது நாந்தாங்க" என்றேன். சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்து, அழுகிறேனா சிரிக்கிறேனா என்றே தெரியவில்லை. அப்பா இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும், தம்பி. எத்தனை வருஷம் அந்தக் கையை நினைத்து வருந்தினார்!

அடுத்ததையும் கேள். நீ முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போய், போனில் அந்தக் காரின் படத்தைக் காட்டி, அப்பாவின் வின்டேஜ் கார் என்று சொன்னாயாமே. சம்பந்தியம்மா நம்பரைப் பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் அல்பத்தின் முதல் பக்கத்தில் அதே நம்பர் இருக்கிறது. "பெடியன் வேற கதை சொல்லுறார், இடையில புகுந்து வெக்கப்படுத்தக் கூடாதெண்டு விட்டிட்டன்" என்றார். மாமனார் வீடு முழுக்கத் தெரிந்த விஷயத்தை நீ இத்தனை மாதமாக மறைத்துக்கொண்டிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது சாப்பாட்டு நேரத்தோடு முடியும். நீ அதை மண்டபத்து மேசைமேல் வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றப் பார்க்கிறாய்.

சம்பந்தியம்மா மெனிக்கேயின் கறுவாப்பட்டை மரத்தைப் பார்க்கப் பின்வளவுக்குப் போனதும் அபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்ரி, நீங்க அவரிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவரே சொல்லட்டும்" என்றாள். சரி என்றேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். "எனக்கு டிரைவர் எண்டதில ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா தன்ர அப்பாவையே மறைக்கிறவர், நாளைக்கு என்னட்ட எதை மறைப்பார் எண்டு யோசிச்சா நித்திரை வருகுதில்ல. நான் கேட்டுச் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்ல. டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டு கேட்டுப் பாத்தன். சொல்லேல்ல." இவ்வளவும் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அழாததால் எனக்குப் பயம் வந்துவிட்டது. "கலியாணத்துக்கு முந்திச் சொல்லிப்போட்டாக் காணும், அன்ரி" என்றாள். சொல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் உன் போனை எடுக்காமல் இருந்தேனே, சார்ஜ் இல்லை என்றது பொய். பிறகு உன் சின்ன வயது ஞாபகம் வந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், பூமாலை நார் தொங்கும் காரில் வந்து இறங்கியதற்காகப் பையன்கள் உன்னை "மாப்பிள்ள, பொண்ணு எங்கடா?" என்று கேலி செய்தார்கள். வீதி வளைவிலேயே இறக்கிவிடச் சொல்லி அப்பாவிடம் அழுதாய். அப்பா மறுநாளிலிருந்து வளைவிலேயே இறக்கினார். இறக்கிவிட்டு, நீ கேற்றுக்குள் போகும்வரை அங்கேயே நிற்பாராம், பள்ளிக்கூடக் காவலாளி சொன்னார். அப்பாவுக்கு வருத்தமே இல்லை. "சின்னப் பயலுக்கு மானம் ரோஷம் வேணுந்தானே" என்று சிரித்தார். அதனால் உன் வெட்கம் எனக்குப் புதிதில்லை, அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆனால் நீ இப்போது வளைவில் இறங்குகிற பையன் இல்லை. ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கப் போகிறவன்.

இனி நீ கேட்டதற்குச் சரியான பதில், குறித்துக்கொள். வலது பக்கத்துக்கு அந்த வெள்ளித்தாளைத் தொடவே வேண்டாம். முன் ஜன்னலில் கீழ்ப்பட்டி முன்னாலிருந்து பாதிவரைதான், அதற்குப் பின்னால் வெறும் உடம்பு. பின் ஜன்னலில் பட்டி முழுசாக உண்டு. சில்வர் பெயிண்டைக் கொஞ்சம் சாம்பல் கலந்து மங்க வைத்து, தூரிகைத் தடம் தெரிய அடி, உன் அம்மா அவ்வளவு வழவழப்பாக அடித்ததில்லை. ரப்பர், தொழிற்சாலை ரப்பரைப் போல இரண்டு மடங்கு தடிப்பு, பின் மூலையில் ஒட்டு தெரியும். பின் கதவு விளிம்பில், பெண்கள் கை வைக்கிற இடத்தில், பெயிண்ட் ஓரிடத்தில் வழித்தெடுத்தது போல இருக்கட்டும். அப்பா அந்த இடத்தை மட்டும் மறுபடி அடிக்க விடவில்லை. ஏன் என்று அப்போது கேட்டேன், "கெடக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். மண்டபத்தில் காரை எப்படி வைக்க வேண்டும் என்றும் கேட்பாய். அதை நீயும் அவளுமாக முடிவு செய்யுங்கள்.

ஆனால் அந்தப் பெயிண்டைத் திறப்பதற்கு முன்னால் அபியிடம் போ. போனில் வேண்டாம், நேரே போ. அப்பா ஹயர் ஓடினார், கல்யாணங்களுக்கு ஓடினார், அந்தக் காசில்தான் நான் படித்தேன், உன்னிடம் மறைத்தேன் என்று சொல். அவளுக்கு முன்பே தெரியும் என்பது உனக்குத் தெரியாதது போல நடிக்காதே. அப்படி நடித்தால் ஒன்றை மறைக்க இன்னொன்று என்று போய்விடும். நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தில் மீறிவிட்டேன், அதையும் சொல். அவளுக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், என் மருமகளோடு நான் பேசிக்கொள்கிறேன். நீயாகவே சொல்வாய் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை. உன்னை எனக்குத் தெரியும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, கல்யாணம் முடியட்டும் என்பாய், பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்பாய். அவ்வளவு நாள் அவள் நித்திரையில்லாமல் கிடக்க முடியாது. நீயும்தான்.

ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். கேட்கத்தான் வேண்டும். அழகாக ஒரு பதில் தேடி யோசித்துக்கொண்டு நிற்காதே. "அம்மா ஏசினாங்க" என்று சொல். அதிலிருந்தாவது உண்மையைத் தொடங்கு, மற்றது தானாக வரும்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கிற,
அம்மா